கொட்ட வேண்டிய பாலுக்கு யார் காசு தருவது?

மடிநோய், மாட்டு ஆன்டிபயாடிக், நம் டம்ளர் பால்: தொழுவத்தில் தொடங்கி மருத்துவமனை வரை நீளும் ஒரு கணக்கு

கார்த்திகை அடைமழை. தொழுவத்துத் தரை இரண்டு நாளாகக் காயவில்லை. விடிகாலை நாலரை மணிக்குக் குண்டு பல்பைப் போட்டுவிட்டு மாட்டின் பக்கத்தில் குந்துகிறார் அந்த வீட்டு அம்மா. மடியைக் கழுவக் கை வைத்ததுமே கலப்பின ஜெர்சிப் பசு காலை உதறுகிறது. பின்பக்கத்து வலது காம்பு சூடாக இருக்கிறது. அதற்கு மேலே மடி கல்லாட்டம் இறுகிக் கிடக்கிறது. முதல் பீச்சில் மஞ்சள் தண்ணீரும் திரிதிரியாகக் கட்டியும் வருகின்றன. மற்ற மூன்று காம்பிலும் பால் வெள்ளையாகத்தான் இறங்குகிறது. ஆறரை மணிக்குள் சொசைட்டியில் ஊற்றியாக வேண்டும்.

கறவை மாடு உள்ள எந்த ஊரிலும் மழைக்காலத்தில் இப்படி ஒரு காலை வரும். அதற்குப் பிறகு நடப்பதும் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. மூன்று காம்புப் பால் கேனில் சேரும். மாட்டு டாக்டர் பல ஊர்களுக்கு ஒருவர். அவர் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. கடைவீதிக்கு ஆள் போகும், சீட்டு இல்லாமலே காம்புக்குள் ஏற்றும் டியூப் ஒன்றோ இரண்டோ வரும். சாயங்காலத்துக்குள் மருந்து மடிக்குள் போய்விடும். மறுநாள் காலைப் பாலும் சொசைட்டிக்குப் போகும். அந்தப் பாலைக் கொட்டினால் அவருக்குக் காசு தர யாரும் இல்லை.

பாலில் மருந்து இருக்கிறதா என்ற பேச்சு இப்போது நகரத்து அடுக்களை வரை வந்துவிட்டது. அந்தப் பேச்சில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் இந்த அம்மாதான். அவரைத் தனியாக அங்கே நிறுத்துவது நியாயமில்லை. மடிநோயை வரவிடாமல் தடுக்கும் வழி தெரியும். எப்போது மருந்து வேண்டும், எப்போது வேண்டாம் என்பதும் தெரியும். அதைச் செய்கிறவருக்கு நஷ்டமும் செய்யாதவருக்கு லாபமுமாக ஒரு விலைமுறையை நாம்தான் வைத்திருக்கிறோம்.

ஒரு சென்டிமீட்டர் வாசல்

பசுவின் மடிக்குள் நான்கு அறைகள். ஓர் அறையின் பால் இன்னொன்றுக்குப் போகாது. அதனால்தான் ஒரு காம்பு கெட்டாலும் மற்ற மூன்றும் சுரக்கின்றன. ஒரு லிட்டர் பால் ஊற ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியே ஓட வேண்டும். அத்தனை உழைப்புக்கும் வெளியே உள்ள சாணத்துக்கும் நடுவில் இருப்பது காம்பு நுனியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள துளை மட்டுமே. கறக்காத நேரத்தில் சுருக்குத் தசை அதை மூடி வைக்கிறது. கறந்து முடித்த பிறகு அது மறுபடி இறுக மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் மாடு ஈரத் தரையில் படுத்தால் கிருமி நேராக உள்ளே ஏறும்.

கிருமிகளில் இரண்டு வகை உண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே ஆகியவை மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றுபவை. கறப்பவர் கை, மடி துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் குவளை எல்லாம் அவற்றுக்கு வாகனம். வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுக்கும் கறவைக்காரர் நம் ஊர்களில் ஏராளம். ஒரு தொழுவத்துக் கிருமியைக் கையோடு அடுத்த தொழுவத்துக்கு எடுத்துப் போகிறோம் என்பது அவருக்கே தெரியாது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா முதலியவை சாணத்திலும் சேற்றிலும் அழுக்குப் படுக்கையிலும் காத்திருப்பவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மடிவீக்கம் கூடுவதற்கு இவையே காரணம். அதிகம் கறக்கும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்களுக்கு மடி பெரிது, தாழ்ந்து தொங்கும். நாட்டினங்களான காங்கயத்தையும் உம்பளச்சேரியையும் விட இவற்றை மடிநோய் அதிகம் தாக்குவது விவசாயிகள் நெடுநாளாக அறிந்தது.

கறக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. பெருவிரலை மடக்கி அதன் கணுவில் காம்பை நசுக்கிக் கறக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியது. காம்புக்குள் மெல்லிய தோல் அதில் காயப்படுகிறது. காயத்தில் கிருமி குடியேறுகிறது. ஐந்து விரலும் உள்ளங்கையும் சேர்த்துப் பிடித்துக் கறக்கும் முழுக்கைக் கறவையே நல்லது என்று கால்நடை மருத்துவர்கள் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கற்றுக்கொள்ளச் சில வாரம் போதும்.

கண்ணில் படாத நஷ்டம்

வீங்கிச் சிவந்த மடி எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் இருப்பதுதான் பெரிது. மடியில் வீக்கமில்லை, பால் வெள்ளையாக இருக்கிறது, மாடு தீவனம் தின்கிறது; ஆனால் உள்ளே கிருமி இருக்கிறது, பால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இந்த மறைந்த மடிநோய், வெளியே தெரியும் நோயைவிடப் பல மடங்கு அதிகம். 2009ல் வெளியான ஒரு மதிப்பீடு, மடிநோயால் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 7,165 கோடி ரூபாய் நஷ்டம் என்றது. அதில் 4,151 கோடி இந்த மறைந்த நோயால் வருவது.

மடிக்குள் கிருமி புகுந்ததும் உடல் வெள்ளணுக்களை அங்கே அனுப்புகிறது. அவை பாலில் கலந்து வரும். ஒரு மில்லி பாலில் இந்த அணுக்கள் 2 லட்சத்தைத் தாண்டினால் அந்த மடியில் நோய் இருப்பதாகக் கொள்வது உலக வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பண்ணையின் பாலில் சராசரி 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் வரம்பு 7.5 லட்சம். அங்கே பல பால் நிறுவனங்கள் அணுக்கள் குறைந்த பாலுக்குக் கூடுதல் விலையும் மிகுந்த பாலுக்குக் குறைந்த விலையும் தருகின்றன. நம் சொசைட்டியில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு இல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று மட்டும் பார்த்து விலை போடுகிறார்கள். மடியைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கும் வைக்காதவருக்கும் ஒரே சீட்டு, ஒரே விலை.

■ பெட்டிச் செய்தி: சலவைத் தூளில் ஒரு சோதனை

1957ல் கலிஃபோர்னியாவில் உருவான ஒரு சோதனை இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. நான்கு குழி உள்ள தட்டில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பிடித்து, ஒரு சோப்புக் கரைசலைச் சேர்த்துச் சுழற்றுவார்கள். வெள்ளணுக்கள் மிகுந்திருந்தால் சோப்பு அவற்றை உடைக்க, உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து கலவை கொழகொழவென்று கட்டிக்கொள்ளும்.

இதையே வீட்டுச் சலவைத் தூளில் செய்யலாம் என்று பாகிஸ்தானின் ஃபைசலாபாத் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரை லிட்டர் தண்ணீரில் சுமார் 15 கிராம் தூளைக் கரைக்க வேண்டும். பாலும் கரைசலும் சம அளவு எடுத்து அரை நிமிடம் சுழற்ற வேண்டும். நீர்த்தே இருந்தால் அந்தக் காம்பு நலம். கொழகொழத்தால் அந்தக் காம்பைக் கவனிக்க வேண்டும். சோதித்த பாலை மனிதருக்கோ கன்றுக்கோ கொடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறை செய்தால் போதும். செலவு மிகக் குறைவு.

டியூப் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது

மடி வீங்கினால் டியூப் என்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் எல்லா மடிவீக்கத்துக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. காய்ச்சல் இல்லாத லேசான மடிநோயில் பாலைப் பரிசோதனைக்கு எடுத்து வளர்த்துப் பார்த்தால், கணிசமான மாதிரிகளில் கிருமியே வளராது. மாட்டின் உடலே அதற்குள் அதை முடித்திருக்கும். ஈ.கோலை காரணமான லேசான நோயும் பெரும்பாலும் தானே தணியும். பண்ணையிலேயே பாலிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து, 24 மணி நேரம் பொறுத்து, தேவைப்பட்ட மாடுகளுக்கு மட்டும் மருந்து கொடுத்த அமெரிக்க ஆய்வில் ஆன்டிபயாடிக் பயன்பாடு ஏறக்குறையப் பாதியானது. குணமாவதில் குறைவு வரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாடு தீவனத்தைத் தொடாமல் நின்றால், காய்ச்சல் அடித்தால், கண் குழிந்து எழ முடியாமல் படுத்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அங்கே ஒரு மணி நேரத் தாமதமும் தவறு. மருத்துவர் வந்தாக வேண்டும், ஆன்டிபயாடிக்கும் வேண்டியிருக்கும்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் விஷயம் வேறு. இது மடித் திசுக்குள் சிறுசிறு சீழ்க்கட்டிகளை எழுப்பி, செல்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மருந்து அங்கே போய்ச் சேராது. புதிய தொற்று, இளம் மாடு, ஒரே காம்பு என்றால் குணமாகும் வாய்ப்பு உண்டு. பல மாதம் நாள்பட்ட நோய், நான்கைந்து ஈத்து கண்ட மாடு, இரண்டு மூன்று காம்பில் தொற்று என்றால் டியூப் மேல் டியூப் ஏற்றினாலும் பெரும்பாலும் பணம்தான் போகும். அந்த மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். அல்லது அந்தக் காம்பை வற்றவிட வேண்டும். சொல்வதற்குக் கஷ்டமான யோசனை இது. ஒரே மாட்டை நம்பி வாழும் வீட்டில் ‘கடைசியாகக் கறப்பது’ என்பதற்குப் பொருளே இல்லை.

டியூப் ஏற்றும் முறையிலும் கோளாறு இருக்கிறது. பால் வெளுத்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்காமல் குழாயைச் செருகினால், வெளியில் இருந்த கிருமியை நாமே உள்ளே தள்ளுகிறோம். ஊசியில் போட வேண்டிய மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக் காம்புக்குள் பீய்ச்சும் அரைகுறை வைத்தியமும் சில இடங்களில் நடக்கிறது. கெட்டுப்போன காம்புகளில் ஒரு பங்கு இப்படிப் போனவை.

■ பெட்டிச் செய்தி: பென்சிலினுக்கு முன்பே மாட்டு மடியில்

ஆன்டிபயாடிக்கின் வரலாறு மாட்டு மடியோடு பின்னியது. 1939ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் ரெனே டுபோஸ் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிராமிசிடின் என்ற பொருளைப் பிரித்தார். மனிதருக்கு ஊசியாகப் போட அது நஞ்சு. அதே காலத்தில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்சிக்கு நின்ற போர்டன் நிறுவனத்தின் பசுக்களுக்கு மடிநோய் கண்டது. கிராமிசிடின் அவற்றின் மடியில் வேலை செய்தது. பென்சிலின் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே மாட்டின் மடிக்கு ஆன்டிபயாடிக் வந்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே எச்சரிக்கையும் வந்தது. 1945ல் நோபல் பரிசு உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார்.

தயிர் உறையாத காலை

மருந்து மடியில் ஏறியதும் பாலில் வரத் தொடங்கும். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும்; மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் போகும். எத்தனை நாள் ஒதுக்குவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். 2012 ஜனவரியில் மத்திய அரசு மருந்து விதியைத் திருத்தி, கால்நடை மருந்தின் மேலட்டையில் இந்த நாட்கணக்கை அச்சிடச் சொன்னது. ஆய்வில் உறுதி செய்த கணக்கு இல்லாத மருந்து என்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள். இறைச்சிக்கு 28 நாள். இந்த அச்சு பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சில்லறையில் டியூப் வாங்குகிறவருக்கு அட்டைப் பெட்டியே கைக்கு வராது.

காய்ச்சினால் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அது தொல்லை. வீட்டில் முதலில் தெரிவது வேறு அடையாளம்: உறை ஊற்றிய பால் தயிராகாது. தயிரை உறைய வைப்பதும் பாக்டீரியாதானே, பாலில் உள்ள மருந்து அதைக் கொன்றுவிடும். தயிர் உறையாமல் போக வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பால் பண்ணைகள் மருந்துச் சோதனையில் அக்கறை காட்ட முதல் காரணமே டன் கணக்கில் தயிரும் சீஸும் வீணானதுதான்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு 1.2. 1.2 என்றதும் நிம்மதி கொள்ளலாமா? பாதி கொள்ளலாம். நூறு வீட்டுப் பால் ஒன்றாகக் கலக்கும்போது ஒரு வீட்டு மருந்து நீர்த்துப்போகும். தெருமுனையில் ஒரே மாட்டுப் பாலை நேராக வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் வீட்டில் அந்தக் கலப்பு இல்லை. பாக்கெட் பாலைவிடப் பசும்பால் சுத்தம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்: உங்கள் பால்காரரிடம் மாட்டுக்கு இந்த வாரம் மருந்து போட்டீர்களா என்று என்றாவது கேட்டதுண்டா? போட்டேன் என்று அவர் உண்மை சொன்னால், அந்த வாரக் காசைக் கொடுத்துவிட்டுப் பாலை வேண்டாம் என்பீர்களா?

ஒரே மருந்து, இரண்டு நோயாளி

பாலில் மிஞ்சும் மருந்தைவிடப் பெரிய கவலை, மருந்துக்குப் பழகிய கிருமி. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசியைத் தெரியாத மருத்துவமனை நம் நாட்டில் கிடையாது. டைஃபாய்டு, மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் கிருமித்தொற்று என்று உயிர்காக்கும் இடங்களில் வைக்கும் மருந்து அது. மாட்டுக்கும் அதே மருந்து போகிறது. அது சேர்ந்த மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் குடும்பத்தையும், மாட்டுக்குப் போடும் என்ரோஃப்ளாக்சசின் சேர்ந்த குயினலோன் குடும்பத்தையும் மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருக்கிறது. கால்நடைக்கு இவை கடைசிக் கையிருப்பாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

பழகிய கிருமி தொழுவத்திலிருந்து வெளியே வர வழிகள் பல. சாணம் எருவாகி வயலுக்குப் போகிறது. கறப்பவர் கையிலும் மூக்கிலும் கிருமி தங்குகிறது. காய்ச்சாத பாலில் வருகிறது. ஒதுக்கிய மருந்துப் பாலைக் கொட்ட மனமில்லாமல் கன்றுக்கு ஊட்டும் பழக்கமும் இதில் சேரும். அப்படி ஊட்டிய கன்றுகளின் சாணத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் கூடுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017ல் தெளிவாகவே சொன்னது.

எல்லாப் பழியையும் மாட்டின் மேல் போடக் கூடாது. மனிதரிடம் உருவாகும் அடங்காக் கிருமிகளில் பெரும்பங்கு, சளிக்கும் தும்மலுக்கும் ஆன்டிபயாடிக் விழுங்கும் நம் பழக்கத்தால் வருவது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019ல் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இந்தியாவில் இதற்கு எதிராக எழுந்த முதல் பெரிய குரல்களில் ஒன்று நம் ஊரிலிருந்து வந்தது: 2012ல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம். அடுத்த ஆண்டே மத்திய அரசு எச்1 என்ற அட்டவணையைக் கொண்டுவந்து, முக்கிய ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டுடன் மட்டும் விற்கவும், விற்றதைப் பதிவேட்டில் எழுதவும் கட்டளையிட்டது. மனிதருக்கான கடையிலேயே அது முழுதாக நடக்கவில்லை. மாட்டு மருந்தின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

டச்சுக்காரர்கள் செய்தது

நெதர்லாந்து சிறிய நாடு, அடர்ந்த மாட்டுப் பண்ணைகள். 2004ல் அங்கே ஒரு பன்றிப் பண்ணைக் குடும்பத்துக் குழந்தையிடம் மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி தெரியவந்தது. அது பன்றியிடமிருந்து வந்திருந்தது. நாடே அதிர்ந்தது. 2009ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து, 2013க்குள் கால்நடை ஆன்டிபயாடிக்கைப் பாதியாகக் குறைப்பது என்று இலக்கு வைத்தார்கள்; குறித்த காலத்துக்குள் அதைத் தாண்டினார்கள். இன்று 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது.

கறவை மாட்டில் அவர்கள் கை வைத்த இடம் வற்றுக்காலம். கன்று ஈனுவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்தும்போது, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு காம்புக்கும் ஆன்டிபயாடிக் ஏற்றுவது 1960களில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வகுத்த ஐந்து அம்சத் திட்டத்தின் ஒரு பகுதி. அன்று அது பெரும் பலன் தந்தது உண்மை. வற்றத் தொடங்கும் இரண்டு வாரமும் ஈனுவதற்கு முந்தைய இரண்டு வாரமும் புதிய தொற்றுக்கு மிகவும் இடம்கொடுக்கும் காலம். ஆனாலும் நலமான மாட்டுக்கும் மருந்து என்பதை டச்சு அரசு நிறுத்தியது. தலையீத்து மாட்டுக்கு மில்லிக்கு 1.5 லட்சம், மற்றவற்றுக்கு 50 ஆயிரம் அணுக்களுக்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாடிக் கிடையாது. காம்புத் துளையை அடைக்கும் மருந்தில்லாப் பசையைப் பயன்படுத்தலாம். நாட்டின் மடிநலம் சரியும் என்று பயந்தவர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. 2022 ஜனவரி 28 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் நோய் வராத மந்தைக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கத் தடை.

நாம் கவனிக்க வேண்டியது தடைச் சட்டத்தைவிட அதன் கீழே இருந்த ஏற்பாட்டை. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மருத்துவர் பொறுப்பு. எழுதிக்கொடுத்த ஒவ்வொரு மருந்தும் பொதுப் பதிவில் ஏறும். ஒவ்வொரு மாட்டின் அணுக்கணக்கும் பண்ணையாளர் கையில் இருக்கும். அந்த மூன்றும் இல்லாமல் தடையை மட்டும் இங்கே இறக்கினால் மருந்து கள்ளத்தனமாக விற்கும், அவ்வளவுதான் நடக்கும்.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு

நம்மிடமும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த ந.புண்ணியமூர்த்தி தஞ்சாவூரிலிருந்து மரபு வைத்திய முறைகளைத் திரட்டி, அளவு வகுத்து, ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தார். மடிநோய்க்கு அவர் பரப்பியது எளிய சேர்க்கை: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செங்காவி நிறத்தில் பசையாகும். மடியைக் கழுவி, கெட்ட பாலை முழுக்கப் பீய்ச்சி எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடிப் பசையைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். நாளுக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இதை எடுத்துக்கொண்டு குஜராத் முதல் கேரளம் வரை பால் கூட்டுறவு ஒன்றியங்களில் பரப்பியிருக்கிறது.

இது எல்லாவற்றையும் குணமாக்கும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதிவான வெற்றிகள் ஏராளம். மருந்தில்லாமலே தணிந்திருக்கக்கூடிய மாடுகளும் அந்தக் கணக்கில் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் கட்டுப்பாட்டு ஆய்வுகள் இன்னும் நிறைய வேண்டும். ஆனால் லேசான மடிவீக்கத்தில் முதல் நாளிலேயே இதைத் தொடங்குவது அறிவுள்ள செயல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செலவு சொற்பம், பசையைத் தயாரிக்கும் சாக்கில் மடி நாளுக்குப் பலமுறை கழுவப்படுகிறது, கெட்ட பால் முழுதாக வெளியேறுகிறது, ஆன்டிபயாடிக் முடிவுக்கு முன் ஒரு நாள் அவகாசம் கிடைக்கிறது. மாடு காய்ச்சலில் துவண்டால் மட்டும் பசையை நம்பி உட்காரக் கூடாது.

■ பெட்டிச் செய்தி: டியூப் வாங்கும் முன் தொழுவத்தில்

கறக்கும் முன் மடியைக் கழுவி, மாட்டுக்கு ஒரு துணியாகத் துடைத்து ஈரமில்லாமல் ஆக்குங்கள். ஒரே துணியில் எல்லா மாட்டையும் துடைப்பது கழுவாமல் விடுவதைவிட மோசம்.

முதல் இரண்டு மூன்று பீச்சை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். தரையில் பீய்ச்ச வேண்டாம்.

கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பையும் அயோடின் கரைசலில் முக்குங்கள். தொற்றும் வகைக் கிருமிகளால் வரும் புதிய நோயை இது ஒன்றே ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும்.

கறந்த உடனே தீவனம் வையுங்கள். மாடு நின்று தின்னும் நேரத்தில் காம்புத் துளை மூடிக்கொள்ளும்.

நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறவைக்காரர் வந்தால் முதலில் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள்.

கணக்கை யார் முடிப்பது

இப்போது அந்தத் தொழுவத்து அம்மாவின் கணக்கைப் போடலாம். மாடு நாளுக்கு 10 லிட்டர் கறக்கிறது என்று வைப்போம். உறுதி செய்த கணக்கு இல்லாத மருந்து என்றால், விதிப்படி 7 நாள் ஒதுக்க 70 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்றாலும் 2,450 ரூபாய். மருந்துச் செலவும் டாக்டர் வந்துபோகும் செலவும் தனி. தீவனக் கடைக்கு அந்த வாரமும் காசு கொடுத்தாக வேண்டும். மாட்டுக் காப்பீடு பெரும்பாலும் மாடு செத்தால்தான் பேசும். கொட்டிய பாலுக்குப் பேசாது. பாலை ஒதுக்கினால் 2,450 ரூபாய் நஷ்டம் உறுதி. ஒதுக்காமல் ஊற்றினால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு, ஏனென்றால் கிராமத்துச் சொசைட்டியில் மருந்துச் சோதனை அன்றாட வழக்கம் இல்லை. இந்த நிலையில் நேர்மையாக இருக்கச் சொல்வது, நகரத்துக் குழந்தையின் பாதுகாப்புக்கு ஒரு மாட்டுக்காரியின் ஒரு வார வருமானத்தைக் கேட்பது.

அந்தச் சுமையைப் பகிர வேண்டியவர்கள் பால் கூட்டுறவும் அரசும் குடிக்கும் நாமும். ஆவின் ஒன்றியங்கள் மூன்று வேலைகளைத் தொடங்கலாம். மருத்துவர் சீட்டுடன் சிகிச்சை பெற்று, முன்கூட்டியே தெரிவித்துப் பாலை ஒதுக்கும் உறுப்பினருக்கு அந்த நாட்களுக்கான பால் பணத்தில் ஒரு பங்கைத் தர வேண்டும். ஆண்டு முழுவதற்கும் அது பெரிய தொகையாக இருக்காது. லிட்டருக்குச் சில காசு ஒதுக்கினால் நிதி சேரும். அடுத்து, மருந்தைக் காட்டும் பட்டைச் சோதனை குளிரூட்டும் நிலையத்தில் மட்டும் நிற்காமல் கிராமச் சொசைட்டி வரை வர வேண்டும்; அகப்பட்டவரைத் தண்டிப்பதற்கு முன் அவருக்கு மருத்துவர் கிடைத்தாரா என்று கேட்க வேண்டும். மூன்றாவது, கொழுப்புக்கும் திடப்பொருளுக்கும் விலை போடுவதுபோல மடிநலத்துக்கும் விலை போட வேண்டும். அணுக்கள் குறைந்த பாலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்று அறிவித்துப் பாருங்கள். எந்தப் பிரசாரமும் இல்லாமல் ஊர் முழுக்க அயோடின் கிண்ணம் வந்துவிடும்.

அரசு செய்ய வேண்டியது ஒன்றை மட்டும் இங்கே கேட்கிறேன். கால்நடை மருந்தின் அட்டையில், டியூப்பின் மேலேயே, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் இருக்க வேண்டும். சில்லறையாக வாங்கினாலும் அது கண்ணில் பட வேண்டும்.

மாடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மடி வீங்கி மாடு துவண்டால் கடைக்குப் போகும் முன் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். பால் வாங்கிக் குடிக்கும் வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் பால்காரர் ஒரு வாரம் பால் இல்லை, மாட்டுக்கு மருந்து போட்டிருக்கிறது என்று சொன்னால், வேறு ஆளைத் தேடிப் போகாதீர்கள். அந்த வாரப் பணத்தையும் கொடுங்கள்.